பிரிந்த திகதி

1

லண்டனில் நான் ஒரு துப்புரவுக் கொம்பனியின் சம்பளப் பிரிவில் பதினாலு வருடம் வேலை செய்தேன். அதனால் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் என்னைச் சுற்றி நாலு பேராவது நிற்பார்கள். "ஜெசிந்தா அக்கா, என்ர சம்பளத் துண்டில பீ.ஆர். எண்டு போட்டிருக்கு, முழுச் சம்பளத்திலயும் வரி வெட்டுறாங்கள், என்ன செய்யிறது?" "அக்கா, ரெண்டு வேலை செய்தால் ரெண்டிலயும் வரியில்லாத பங்கு கிடைக்குமோ?" "ஊரில காணி வித்த காசு இஞ்ச வந்தால் அதுக்கும் வரியோ?" குளிரில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் சொல்லுவேன். அவர்களுக்கு வாடகை வீட்டுக்காரனைவிட, முதலாளியைவிட, வரி அலுவலகத்தின் மண்ணிறக் கடித உறைதான் பயம். அந்தப் பயத்தை நீக்கக்கூடிய ஆளாக நான் இருந்தேன்.

ஊரில் இருந்து தொலைபேசி எடுக்கும் சொந்தங்கள் கேட்பது வேறு. "லண்டனில உழைக்கிறதில அரைவாசியை அரசாங்கம் எடுக்குதாமே, மெய்யோ?" மெய்யில்லை. எல்லோருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று வரியில்லாத ஒரு பங்கு உண்டு. அதற்கு மேல் உழைப்பதில்தான் வெட்டுவார்கள். கணவன் மனைவியில் ஒருவர் அந்தப் பங்கை உழைத்து முடிக்காவிட்டால், மிச்சத்தில் ஒரு துண்டை மற்றவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். வாங்கியவரின் வரிக் குறியீட்டில் கடைசி எழுத்து எம் என்று மாறும்.

என் கணவர் அல்பிரட்டுக்கு அந்த எழுத்து இருந்தது. எனக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்து, பாதி நாள் வேலைக்கு மட்டும் போன காலத்தில் நான் எழுதிக் கொடுத்தது. அவர் பஸ் ஓட்டுநர். டிப்போவில் இருந்த தமிழ் ஆட்களுக்குச் சம்பளத் துண்டைக் காட்டி, "எம் எண்டால் மனுசி. என்ர மனுசி தந்தது" என்று சொல்லிச் சிரிப்பாராம். ஆண்டுக்கு இருநூற்றைம்பது பவுண்ஸ் அளவில் வரும். மாதத்துக்குப் பார்த்தால் ஒரு கோழி, ஒரு மூட்டை அரிசி.

2

நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவள். பதினாறு வயதில் அப்பா, அம்மா, தம்பியோடு அகதியாக ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஒரு அடுக்குமாடியில் கரப்பான் பூச்சிகளோடு வளர்ந்தேன். கனடா பாஸ்போட் கிடைத்த பிறகுதான் லண்டனில் இருந்த அல்பிரட்டைக் கலியாணம் பேசினார்கள். அங்கே போய்ப் பதினெட்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்து, பிரித்தானியப் பாஸ்போட்டும் எடுத்து, அனிற்றாவைப் பெற்றேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு இலையுதிர் காலத்தில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் தம்பி வீட்டில் இருந்த அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பார்க்க ஆள் இல்லை. பதின்மூன்று வயது அனிற்றாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஈஸ்ரருக்கு வந்து எங்களோடு கொஞ்ச நாள் நின்று, பிறகு யோசிப்போம் என்றார் அல்பிரட். ஈஸ்ரருக்குள் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. திரும்ப ஓடத் தொடங்கியபோது அனிற்றாவுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஒரு உறைஉணவுக் கொம்பனியில் சம்பளப் பிரிவு வேலை, அவருக்குப் பென்சன் நிரம்ப இன்னும் சில வருடம். நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. அதைச் சொன்னால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை. சண்டை பிடித்திருந்தால் யாராவது வந்து சமாதானம் செய்திருப்பார்கள்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. நான் இன்னும் தம்பி வீட்டு நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். மேலே அவர்கள் நடப்பது கேட்கும். காலையில் கார் எடுத்துப் போய், பின்னேரம் 401 நெடுஞ்சாலை நெரிசலில் திரும்பி வந்து, ஒரு சின்னச் சட்டியில் ஒரு நேரச் சோறு வைப்பேன். குறைய வைக்கப் பழகுவதற்குக் கனகாலம் எடுத்தது.

இந்த ஏப்ரலில் எங்கள் கலியாணத்தின் வெள்ளி விழா. ஒரு செவ்வாய்க்கிழமை. மதிய இடைவேளையில் அல்பிரட் தொலைபேசி எடுத்தார்.

"கலியாண நாள் வாழ்த்து, ஜெசி."

"உங்களுக்கும்."

பிறகு அவர், "ஒரு விசயம் கேக்க வேணும். டிப்போவில ஒரு பெடியன் சொல்லுறான், அந்த எம்மை நாலு வருசம் பின்னுக்கும் எடுக்கலாமாம். உமக்குத்தானே இஞ்ச உழைப்பு இல்லை. உம்மட பங்கு சும்மா கிடக்கு. ஒருக்கா மாத்தித் தரேலாதோ?"

வெள்ளி விழா அன்று அவர் கேட்டது அதுதான். எனக்குக் கோபம் வரவில்லை. எங்களுக்கிடையில் கேட்பதற்கு ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறதே என்றுதான் பட்டது. "கேட்டுப் பாக்கிறன்" என்றேன்.

3

எனக்குத் தெரிந்த பிரித்தானியச் சட்டம் ஆறு வருடம் பழசு. அடுத்த நாள் தேநீர் இடைவேளையில் வேலைத்தலத்துக் கார்த் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து வரி அலுவலகத்துக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். ஒரே இசை நெடுநேரம் ஓடிய பிறகு ஒரு பெண் வந்தாள். லண்டன் பக்கத்துப் பேச்சு. பேருந்துத் தரிப்பிலும் மருந்துக்கடையிலும் கேட்டுப் பழகிய பேச்சு. "சொல்லுங்கோ, லவ்" என்றாள். அங்கே கடைக்காரி முதல் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள், அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. என்றாலும் அந்தக் கிழமை முழுவதும் என்னை அப்படி அழைத்தவள் அவள் ஒருத்திதான்.

விபரங்களைச் சரிபார்த்தாள். நாட்டை விட்டு வெளிக்கிட்டது பதிவில் இருந்தது. பிரித்தானியப் பிரசை என்பதால் வெளிநாட்டில் இருந்தாலும் வரியில்லாத பங்கு எனக்கு உண்டு என்றாள். கலியாணத் திகதியைக் கேட்டாள்.

"நேற்று இருபத்தைந்து வருடம்" என்றேன்.

"ஓ, வாழ்த்துக்கள்!"

"கணவர் அங்கே, நான் இங்கே. அது பரவாயில்லையா?"

"நாங்கள் அதைக் கேட்பதில்லை, லவ். சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. எங்களுக்கு அது காணும்."

பிறகுதான் தடை வந்தது. வெளிநாட்டில் வாழ்பவர் தன் பங்கில் துண்டு கொடுப்பதென்றால், உலகத்தில் எங்கே உழைத்தாலும் அதையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். என் கனடாச் சம்பளத்தைப் பவுண்சில் சொன்னேன். வரியில்லாத எல்லையை அது எப்போதோ தாண்டியிருந்தது. கொடுப்பதற்கு என்னிடம் மிச்சம் இல்லை.

அல்பிரட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டேன். "பரவாயில்லை" என்று பதில் வந்தது. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கனடாவில் வரிக் கணக்குக் கொடுக்கிற கடைசிக் கிழமை அடுத்து வந்தது.

4

கனடா வரிக் கணக்கை நான் ஸ்காபரோவில் ரமணனிடம் கொடுப்பேன். நகைக்கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கதிரை, ஒரு பிறிண்டர். அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பொறுமையான பிள்ளை. இந்த நாட்டில் கணவன் மனைவி என்றால் இருவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் சில சலுகைக் காசுகளைத் தீர்மானிப்பார்கள். அதனால் ஒவ்வொரு வருடமும், "அன்ரி, அங்கிளின்ர வருமானம் எவ்வளவு?" என்று கேட்பான். நான் அல்பிரட்டிடம் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லுவேன். இந்த முறை கேட்க மறந்துவிட்டேன்.

"நான் கேக்கேல்லை, தம்பி."

"பரவாயில்லை, பிறகு அனுப்புங்கோ." தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "அன்ரி, குறை நினைக்காதேங்கோ. அங்கிள் எப்ப வாறார்?"

"தெரியேல்லை."

"நீங்கள் போறீங்களோ?"

"தெரியேல்லை."

அவன் கதிரையை என் பக்கம் திருப்பினான். "ஏன் கேக்கிறன் எண்டால், இதில ரெண்டு தெரிவு இருக்கு. கலியாணம் கட்டினவர் அல்லது பிரிந்து வாழ்பவர். வேலைக்காக, நோய் வருத்தம் பாக்கிறதுக்காக வேற வேற நாட்டில இருந்தால் அது பிரிவில்லை. உறவு முறிஞ்சு வேறயா இருந்தால்தான் பிரிவு. நான் ஒவ்வொரு வருசமும் கேக்காமல் கட்டினவர் எண்டு போட்டுவிடுறன். இது உங்கட கையெழுத்து. எது சரி எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

"பிரிஞ்சது எண்டால் காசு கூடக் கிடைக்குமோ?"

"கொஞ்சம் கிடைக்கும். அதுக்காகச் சொல்லாதேங்கோ."

"அதுக்காக இல்லை" என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். லண்டனில் எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு பெட்டிக்குப் பதில் தெரியாமல் படியிறங்கி வந்தேன்.

5

மறுநாள் ஞாயிறு. பூசை முடித்து வந்து, உடுப்பு மாற்றாமல் கட்டிலில் இருந்தபடி அல்பிரட்டுக்கு எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கிறன். கோவிக்காமல் பதில் சொல்லுங்கோ."

"என்ன, வருமானமோ? எழுதி வச்சிருக்கிறன்."

"அது இல்லை. நீங்கள் இஞ்ச வருவீங்களோ?"

அந்தப் பக்கம் கேத்தலில் தண்ணீர் கொதித்து, அது தானாக நிற்கும் சத்தம் கேட்டது.

"பென்சனுக்கு இன்னும்..."

"பென்சனை விடுங்கோ. பென்சன் வந்தாப் பிறகு வருவீங்களோ?"

நான் காத்திருந்தேன். ஆறு வருடத்தில் நான் ஒருநாளும் அப்படிக் காத்திருந்ததில்லை. அவர் மௌனமானால் உடனே வேறு கதை எடுப்பேன். அனிற்றாவின் படிப்பு, இங்கத்தைப் பனி, தம்பியின் கால் வலி.

"ஜெசி, எனக்கு இஞ்ச பழகிப் போச்சு. காலமை டிப்போ. பின்னேரம் கோயில் மண்டபத்தில ரெண்டு பேரோட கதை. அங்க வந்து நான் என்ன செய்யிறது? உம்மட தம்பியின்ர வீட்டில, கீழ் அறையில, சும்மா இருக்கிறதோ?"

"அப்ப வரமாட்டீங்கள்."

"இல்லை. வரமாட்டன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீர் வருவீரோ?"

அவர் இதைக் கேட்கவேண்டும் என்று நான் ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் ஓம் என்று சொல்லலாம் என்றும் இருந்தேன். கேட்டபோது லண்டன் வீடுதான் கண்ணுக்கு முன் வந்தது. போன வருடம் வீடியோவில் காட்டினார். அலுமாரியில் என் பக்கம் அவருடைய குளிர்ச் சட்டைகள். மேசையடியில் ஒரே ஒரு கதிரை, மற்றதை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். அவர் அதை மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. இடம் வேணும் என்று எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். இங்கே என் அறையிலும் அவர் வந்தால் படுக்க இடம் இல்லை.

"இல்லை" என்றேன். "நானும் வரமாட்டன்."

"ம்."

"இப்ப என்ன எழுதிறது எண்டு ரக்ஸ் செய்யிற பெடியன் கேட்டவன். பிரிஞ்சது எண்டு எழுதட்டோ?"

"உள்ளதைத்தானே எழுதவேணும். எழுதும்." கொஞ்சம் பொறுத்து, "இஞ்சயும் நான் எங்கயாவது அப்பிடி அறிவிக்கவேணுமோ?"

"வரிக்கு அங்க கேக்கிறது, நாங்கள் சட்டப்படி கலியாணம் கட்டினவையோ எண்டு மட்டும்தான்."

"அது ஓம்தானே?"

"ஓம். அது ஓம்தான்."

அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஜெசி, நான் மாசியில டிப்போவில ஐஸில சறுக்கி விழுந்தனான். வலக்கை மணிக்கட்டு உடைஞ்சது. ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தனான்" என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் வரவேணுமோ எண்டு யோசிச்சிருப்பீர். உமக்கு ஏன் அந்தக் கரைச்சல்?"

அப்போதுதான் நான் அழுதேன். போன வருடம் எனக்குக் கண்ணில் ஒப்பரேஷன் நடந்தது. அதே காரணத்துக்காக நானும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். எந்தக் கண், யார் கூட்டிக்கொண்டு போனது, இப்போது எழுத்துத் தெரிகிறதா என்றெல்லாம் கேட்டார். அவருடைய கட்டை யார் மாற்றினது, எப்படிச் சமைத்தீர்கள், சட்டைத் தெறியை எப்படிப் போட்டீர்கள் என்று நானும் கேட்டேன். மேலே தம்பியின் மனைவி மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். பிரிந்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் ஒருவருக்கொருவர் சொல்லப் பயமில்லாமல் போனது.

6

அனிற்றா ஒஷாவாவில் படிக்கிறாள். மூன்று சிநேகிதிகளோடு வாடகை வீடு. அன்று பின்னேரமே போனேன். வீட்டுக்குள் கூப்பிடவில்லை, பக்கத்துக் கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

லண்டனில் பிறந்த பிள்ளை. வந்த புதிதில் வகுப்பில் அவளுடைய லண்டன் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரே வருடத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டுக்கு வரும்போது தகப்பனோடு பேசினால், "உவள் கதைக்கிறது எனக்கு விளங்குதில்லை" என்று அவர் போனை என்னிடம் தரச் சொல்வார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், வரியில் இருந்து தொடங்கினேன். ரமணன் கேட்டது, அப்பா சொன்னது, நான் சொன்னது. அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வெயிற் அம்மா. நீங்கள் இவ்வளவு நாளும் செப்பரேற்றட் இல்லையா?"

"இல்லையே."

"நான் ஹைஸ்கூலில இருந்து என்ர பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் அப்பிடித்தானே சொல்லுறன். மை பேரன்ற்ஸ் ஆர் செப்பரேற்றட் எண்டு. ஐ தோட் நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறீங்கள் எண்டு."

"ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் கவலைப்படுவீங்கள்."

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே பழக்கம். அவள் மேசைக்கு மேலால் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்தாள். "ஆர் யூ ஓகே?" என்றாள். "ஓம்" என்றேன். அவளுக்கு ஏழு மணிக்கு வேலை இருந்தது. கடை வாசலில் கட்டிப்பிடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து போனாள். அவள் நடை தகப்பனின் நடை.

7

மறுநாள் வேலை முடிந்து ரமணனிடம் போனேன். "பிரிந்து வாழ்பவர்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தட்டினான்.

"எந்தத் திகதியில இருந்து, அன்ரி?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"கனடாவுக்கு வந்த நாளைப் போடட்டோ?"

"இல்லை தம்பி. அப்ப நாங்கள் பிரியேல்லை. ஹீத்ரோவில என்ர சூட்கேஸ் பூட்டு உடைஞ்சு, அவர் ஓடிப்போய் ஒரு பட்டி வாங்கிக் கட்டிவிட்டவர். உள்ள போகுமட்டும் கை காட்டிக்கொண்டு நிண்டவர்."

"அப்ப எப்ப?"

எப்போது? அம்மாவின் செத்த வீட்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவர் வராத நாளா? அன்று அவர் முழுப் பூசையையும் தன் கைபேசியில் பார்த்து, முடிந்ததும் என்னோடு சேர்ந்து அழுதார். முதல் தடவை "எங்கட வீடு" என்று சொல்லாமல் "என்ர வீடு" என்று சொன்ன நாளா? அது எந்த நாள் என்று இருவருக்கும் தெரியாது. மறைத்து வைத்த மணிக்கட்டா, கண்ணா? எதற்கும் திகதி இல்லை.

"நேற்று" என்றேன்.

ரமணன் தட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். "நேற்றோ?"

"ஓம். நேற்றுத்தான் கதைச்சு முடிவெடுத்தது. அதுக்கு முதல் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அவன் திரைப் பக்கம் திரும்பினான். "அப்பிடியெண்டால், அன்ரி, இந்தக் கணக்குப் போன வருசத்துக்கு. வருசக் கடைசி நாள், மார்கழி முப்பத்தோராம் திகதி, நீங்கள் என்னவா இருந்தனீங்களோ அதைத்தான் போடவேணும். அப்ப நீங்கள் கட்டினவர்தான். அங்கிளின்ர வருமானமும் வேணும். இனி, நேற்றில இருந்து தொண்ணூறு நாள் போகவேணும். அதுக்குள்ள மனம் மாறிச் சேர்ந்திட்டால் பிரிவு எண்டு ஒண்டு நடக்கவேயில்லை. போனாப் பிறகுதான் அறிவிக்கலாம்."

அல்பிரட் எழுதி வைத்திருந்த தொகையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கையெழுத்து வைத்தேன். கலியாணம் கட்டினவர்.

8

அந்த மூன்று மாதமும் அவர் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தார். மணிக்கட்டுக்குச் செய்யும் பயிற்சியைச் சொன்னார். நான் கண்ணுக்கு விடும் மருந்தைச் சொன்னேன். தம்பியின் மனைவி நல்ல மனதோடு, "மச்சாள், ஒருக்கா லண்டன் போய்ப் பாத்திட்டு வாங்கோ. உந்தத் தொண்ணூறு நாளுக்குள்ள எண்டாலும்" என்றாள். விமானச் சீட்டின் விலையும் பார்த்தேன். ஆனியில் ஒரு மலிவான சீட்டு இருந்தது. இரண்டு நாள் திரையில் வைத்திருந்து மூடிவிட்டேன். போனால் விருந்தாளியாக இருப்பேன். அவர் யாரிடமாவது ஒரு கதிரை இரவல் வாங்கிக் கொண்டுவந்து போடுவார்.

தொண்ணூறு நாளும் முடிந்ததும் ஆடிக் கடைசியில், வேலையில்லாத ஒரு வெள்ளிக்கிழமை, கனடா வரி அலுவலகத்துக்கு எடுத்து அறிவித்தேன். ஒரு இளைஞன். திகதியைக் கேட்டான், சொன்னேன். மாற்றியாயிற்று, வேறு ஏதும் உதவி வேண்டுமா என்றான். வேண்டாம் என்றேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இப்போது கனடாவில் நான் பிரிந்து வாழ்பவள். பிரித்தானியாவில் இன்னும் அவருடைய மனைவி.

யாருக்காவது சொல்லவேண்டும் போல் இருந்தது. தம்பி வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அனிற்றாவின் போன் எடுபடவில்லை. அல்பிரட்டுக்கு எடுத்தேன். வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"கரைச்சல் ஒண்டும் தரேல்லையோ?"

"இல்லை. நல்ல பெடியன்."

"சாப்பிட்டீரோ?"

"இன்னும் இல்லை."

"மத்தியானம் திரும்பியிருக்குமே அங்க. போய்ச் சாப்பிடும்."

போனை மேசையில் வைத்துவிட்டு நேற்றைய சோற்றை எடுத்துச் சூடாக்கினேன். கொஞ்சம் மீன் குழம்பு இருந்தது. சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையடியில் இருந்தபோது போனில் இன்னும் அவருடைய ரிவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை. ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம்.